ஒப்புதலுக்காக ஒரு கதை

ஃபிராங்க்கின் கண்ணைக் கட்டித்தான் அவனைக் காட்டுக்குள் அழைத்து வருகிறார்கள். கட்டை அவிழ்த்ததும் எதிரே நெருப்பு. அதைச் சுற்றி அவன் வயதுப் பிள்ளைகள் ஆறு பேர். பேய்க்கு இன்னும் நேரமிருக்கிறது. இவர்கள் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்ற பயம்தான் அவன் முகத்தில் அப்போது தெரிகிறது. சேர்வதற்கு ஒரே வழிதான் உண்டு. ஒரு பிடி பொடியை நெருப்பில் வீசி, நள்ளிரவுச் சங்கத்தின் ஒப்புதலுக்காக இந்தக் கதையைச் சமர்ப்பிக்கிறேன் என்று தொடங்கி, ஒரு கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். அதன் பிறகு வாக்கெடுப்பு. எல்லோரும் சம்மதித்தால் அவனும் சங்கத்தில் ஒருவன்.

தொண்ணூறுகளில் வந்த 'ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப் த டார்க்?' என்ற சிறுவர் திகில் தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்தில் வந்த 'பேன்டம் கேப்' (பேய் டாக்சி) கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அந்தத் தொடர் 2019 அக்டோபரில் புதிய முகங்களோடு திரும்பி வந்தபோதும் இதே வாசல் வழியாகத்தான் நுழைந்தது. ஊருக்குப் புதிதாக வந்த ரேச்சல் என்ற சிறுமி, அதே நெருப்பு, அதே பொடி, அதே வாசகம். சிறு வயது முதல் தன் கெட்ட கனவுகளில் வரும் உயரத் தொப்பிக்காரனையும் அவனுடைய கார்னிவலையும் பற்றி ரேச்சல் கதை சொல்கிறாள். சங்கம் அவளைச் சேர்த்துக்கொள்கிறது. இதுவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு, அவள் சொன்ன அந்தக் கார்னிவல் அப்படியே அவர்கள் ஊருக்கு வந்து கூடாரம் அடிக்கிறது. கதை சொன்னவளும் கேட்டவர்களும் மிச்ச நேரமெல்லாம் அதற்குள் ஓடுகிறார்கள்.

நல்ல திருப்பம் என்று பலர் எழுதியிருந்தார்கள். படமாக்கிய விதம் அழகு. பிள்ளைகள் நன்றாக நடித்திருக்கிறார்கள். உயரத் தொப்பிக்காரன் உண்மையிலேயே பயமுறுத்துகிறான். இத்தனை இருந்தும் அந்தத் திருப்பம் வந்த இடத்தில் எனக்குள் ஏதோ கோபம் வந்தது. அது இன்றுவரை அடங்கவில்லை. பழையதுதான் சிறந்தது என்று சாதிக்கும் ஆசையும் எனக்கில்லை. பழைய தொடரின் முகமூடிகள் ரப்பர் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கோபம் வேறு எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து என்று தேடிப் போனபோது, அந்தத் தொடரை விட்டு நெடுந்தூரம் போக வேண்டியிருந்தது.

வாளித் தண்ணீர்

பழைய தொடரைப் பற்றிய கட்டுரைகளில் தவறாமல் ஒரு பெயர்ப் பட்டியல் வரும். ரையன் கோஸ்லிங் சிறுவனாக நடித்தார், நீவ் காம்பெல் நடித்தார், ஹேடன் கிறிஸ்டென்சன் நடித்தார் என்று. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சலிப்பு வரும். அவர்கள் வந்தது கதைகளுக்குள். தொடரின் உயிரோ கதைகளுக்கு வெளியே இருந்தது. ஒவ்வொரு வாரமும் முதலில் ஓரிரு நிமிடம் காட்டில் கழியும். யாரோ யாருடனோ சண்டை. டேவிட்டுக்குக் கிறிஸ்டனைப் பிடித்திருக்கிறது, சொல்லத் தைரியமில்லை. கிகி எல்லோரையும் சீண்டுகிறாள். கேரி தலைவன், கண்ணாடி போட்டுக்கொண்டு, வயதுக்கு மீறிய பொறுப்போடு கூட்டத்தை நடத்துவான். பின்னர் அவனுடைய தம்பி டக்கரும் வந்து சேர்ந்து அண்ணனின் பொறுமையைச் சோதிப்பான். அந்தச் சண்டையும் பொறாமையும் எப்படியோ அன்றைய கதைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பேன்டம் கேப் கதையில் காட்டில் வழிதவறும் அண்ணன் தம்பியைச் சொன்னது புதிதாக வந்த ஒருவன் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள், அது வேறு கதையாகத் தெரியும்.

கதை முடிந்ததும் மீண்டும் காடு. கேரி எழுந்து நின்று கூட்டம் முடிந்தது என்று அறிவிப்பான். ஒரு வாளித் தண்ணீரை நெருப்பின் மேல் ஊற்றுவான். உஸ்ஸென்ற ஓசையோடு புகை எழும். பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள்.

தலைப்பு ஓடும்போது வரும் படங்களை நினைத்துப் பார்க்கிறேன். பனிமூட்டத்தில் ஆளில்லாத படகு, தானாக ஆடும் ஊஞ்சல், பரணில் ஒரு கோமாளிப் பொம்மை, கடைசியில் இருட்டில் உரசப்படும் ஒரு தீக்குச்சி. தீக்குச்சியில் தொடங்கி வாளித் தண்ணீரில் முடிகிற அரை மணி நேரம். பயம் எந்த நொடியில் உள்ளே வருகிறது, எந்த நொடியில் வெளியே போகிறது என்று பார்க்கிற பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும். நெருப்பில் வீசிய அந்த மாயப் பொடி, கோப்பிக்குப் போடும் கிரீமர் பொடிதான் என்று பிற்காலத்தில் தெரியவந்தது. எனக்கு அது ஏமாற்றமாக இல்லை. கையில் கிடைத்த எந்தப் பொடியானாலும் அந்த எல்லையைப் போடலாம் என்பது இன்னும் நல்ல செய்தி.

வீட்டில் எழுதப்பட்ட கதை

நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டுக் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்த காலமும் அந்தத் தொடர் ஒளிபரப்பான காலமும் ஒன்று. அதன் வெள்ளோட்டக் கதை 1990 ஹலோவீன் இரவில் கனடாவின் வைடிவி தொலைக்காட்சியில் வந்தது. அப்போது நாங்கள் இங்கே இல்லை. அந்த ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையும் அதைத் தொடர்ந்த குண்டுவீச்சும்தான் எங்கள் இரவுகளாக இருந்தன. 1992 இல் தொடர் முறையாகத் தொடங்கியபோது, பெரியம்மா குடும்பத்தோடு ஒரே தொடர்மாடி வீட்டில் இருந்தோம். பெரியம்மாவின் மகள் எனக்கு மூன்று வயது மூத்தவள். தொலைக்காட்சியின் ரிமோட் அவளுடைய கையில். அவள் போட்டதைத்தான் நான் பார்த்தேன். ஆங்கிலம் பாதி விளங்கும், பாதி விளங்காது. பயம் முழுதும் விளங்கியது.

அதே வீட்டில், அதே மாதங்களில், இன்னொரு கதை எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அப்பாவின் அகதிக் கோரிக்கை. எங்கள் ஆட்கள் அதற்குக் 'கேஸ் எழுதுவது' என்று சொல்வார்கள். சாப்பாட்டு மேசையில் மெழுகுச்சீலை விரித்து, அதன் மேல் படிவம், பழைய கடிதங்கள், ஒரு நாட்காட்டி. அப்பா சொல்வார், பெரியப்பா எழுதுவார், அம்மா இடையில் புகுந்து திருத்துவார். "அது ஆவணி இல்லை, ஆடி. கோயில் கொடியேற்றத்துக்கு முன்னர்." "அப்படியென்றால் கிணற்றடியில் விழுந்தது?" "அது அதற்குப் பிறகு." ஆங்கிலத் தேதிக்கு மாற்றும்போது மீண்டும் ஒரு சண்டை. ஒரு தேதி பிழைத்தால் முழுவதும் பொய்யென்று எடுத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். விசாரணையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், இருவரில் ஒருவர் நம்பினாலே போதும் என்று அப்பா எங்களுக்குத் தைரியம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் தைரியம் இருக்கவில்லை.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை என்றாலும், எனக்கும் பாடம் நடந்தது. எந்த மாதம், எத்தனை பேர், எந்த வீட்டில் ஒதுங்கியிருந்தோம். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால்கூட ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும் என்றார் அம்மா. அதனால் நான் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. வாய் திறந்தால் ஏதாவது பிழைத்துவிடும், பிழைத்தால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த வயதில் அதைவிடப் பெரிய பேய் எனக்கு வேறு இருக்கவில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை இரவில்தான் பேன்டம் கேப் கதையைப் பார்த்தேன். காட்டில் வழிதவறிய அந்த அண்ணனும் தம்பியும் டாக்டர் விங்க் என்பவரின் குடிசைக்குப் போய்ச் சேர்கிறார்கள். அவர் ஒரு விடுகதை போடுகிறார். எடையே இல்லாதது, கண்ணுக்குத் தெரியக்கூடியது, ஒரு பீப்பாயில் போட்டால் பீப்பாயின் எடை குறையும், அது என்ன? பீப்பாய் என்று கேட்டதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாங்கள் விட்டு வந்த ஊரில் பீப்பாய் என்றால் வானத்திலிருந்து விழுவது. பீப்பாய்க்குள் என்ன போடுவார்கள் என்று எங்கள் ஒழுங்கையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அடுத்த காட்சிகளில் என்ன நடந்தது என்றே எனக்கு நினைவில்லை. பேய் டாக்சி விபத்தை நோக்கி விரைகிறது, கடைசி நொடியில் விடை வருகிறது. துளை. பீப்பாயில் ஒரு துளை போட்டால் அதன் எடை குறையும்.

துளை! இவ்வளவுதானா? அக்கா சாதாரணமாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு பீப்பாயைப் பற்றி யாரோ விடுகதை போட முடிகிறது. அதன் விடை சாவு இல்லை. விடை சொன்னதும் எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு பையன் வாளித் தண்ணீரை ஊற்றி நெருப்பை அணைக்கிறான். அந்தப் புதிய பையனிடம், இதெல்லாம் எப்போது நடந்தது, உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நல்ல கதையா என்று மட்டும் பார்த்தார்கள். அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

படிக்கட்டுச் சங்கம்

எங்கள் தொடர்மாடியில் மின்தூக்கி அடிக்கடி பழுதாகும். அதனால் படிக்கட்டு எங்கள் முற்றம். கடைசி மாடிக்கும் கூரைக்கும் இடையில் உள்ள படிகளில் ஆள் நடமாட்டம் இருக்காது. அக்காவும் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியும் சேர்ந்து அங்கே ஒரு நள்ளிரவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். சோமாலியாவிலிருந்து வந்த அண்ணனும் தங்கையும், ஜமைக்காவிலிருந்து வந்த ஒரு பையன், கீழ்மாடித் தமிழ்ப் பிள்ளைகள். நெருப்புக்குப் பதில் டார்ச் விளக்கு, படியில் நிமிர்த்தி வைத்தது. பொடிக்குப் பதில் பெரியம்மாவின் குட்டிக்கூரா பவுடர். வெளிச்சத்தின் மேல் அதைத் தூவினால் அது மெல்ல இறங்கும். நள்ளிரவு என்பது பெயரளவில்தான். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் குரல் வந்தால் கூட்டம் முடிந்துவிடும்.

பல வாரம் நான் கேட்பவளாக மட்டுமே இருந்தேன். அக்கா என் மேல் இரக்கப்பட்டு விதியைத் தளர்த்தியிருந்தாள். ஒரு நாள் அந்தச் சோமாலியச் சிறுமி, இவள் இன்னும் கதையே சொல்லவில்லை, எப்படி உறுப்பினராக இருக்கிறாள் என்று கேட்டுவிட்டாள். நியாயமான கேள்வி. பவுடர் டப்பா என் கைக்கு வந்தது.

எனக்குத் தெரிந்த இருட்டு ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால், மாமரத்தடியில் வெட்டிய பதுங்குகுழி. மேலே பனங்குற்றி அடுக்கி, அதன் மேல் மண்மூட்டை. உள்ளே ஈரமண் மணக்கும். மூலையில் எப்போதும் ஒரு தவளை இருக்கும். விமானச் சத்தம் கேட்டதும் எல்லோரும் இறங்கிவிடுவோம். விளக்கு ஏற்றக் கூடாது. அம்மம்மா இருட்டில் கையை நீட்டி ஒவ்வொருவர் தலையையும் தொட்டு எண்ணுவார். அவருடைய உள்ளங்கையின் சொரசொரப்பு நெற்றியில் பட்டால் நான் எண்ணப்பட்டுவிட்டேன் என்று பொருள். எண்ணி முடித்த பிறகுதான் தேவாரத்தை முணுமுணுக்கத் தொடங்குவார்.

இதைச் சொல்லக் கூடாது. சொன்னால் எந்த மாதம் என்று கேட்பார்கள். எத்தனை பேர் என்று கேட்பார்கள். படிவத்தில் எழுதியதற்கும் நான் சொன்னதற்கும் பொருந்தாமல் போகும். பவுடரைத் தூவிவிட்டு நான் வேறொன்று சொன்னேன். ஒரு குழி இருந்தது. அதற்குள் ஒரு பாட்டியும் பிள்ளைகளும் இறங்குவார்கள். இறங்குகிறவர்கள் ஐந்து பேர். பாட்டி இருட்டில் தலைகளைத் தொட்டு எண்ணுவார். ஆறு தலை இருக்கும்.

டார்ச்சின் அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. எனக்குத் தைரியம் வந்தது. பாட்டி மீண்டும் எண்ணுகிறார், மீண்டும் ஆறு. ஒரு தலை மட்டும் ஈரமாக இருக்கிறது. வெளியே வந்து வெளிச்சத்தில் எண்ணினால் ஐந்து பேர் சரியாக இருக்கிறார்கள். அடுத்த நாள் உள்ளே ஏழு தலை. என் ஆங்கிலம் தடுமாறியது. சொல் கிடைக்காத இடங்களில் கையால் காட்டினேன். அருகிலிருந்த கீழ்மாடிப் பையனின் தலையைத் தொட்டு எண்ணிக் காட்டினேன். அவன் அலறியே விட்டான். முடிவில் ஒரு நாள் பாட்டி வெளியே வந்து எண்ணுகிறார், நான்கு பேர்தான் நிற்கிறார்கள். உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தால் எல்லாத் தலையும் ஈரம்.

ஜமைக்காப் பையன் கேட்டான், இது உண்மையா என்று. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. நான் பதில் சொல்வதற்குள் அக்கா குறுக்கிட்டாள். "அதைக் கேட்கக் கூடாது. கதை நன்றாக இருக்கிறதா, அதை மட்டும் சொல்." எல்லாக் கைகளும் உயர்ந்தன. அக்காவின் கையும்தான். அவளும் அதே பதுங்குகுழியில் இருந்தவள். அம்மம்மா அவளுடைய தலையையும் எண்ணியிருக்கிறார். அவளுக்கு எது எங்கிருந்து வந்தது என்று தெரியும். அவள் ஒரு சொல் சொல்லவில்லை.

கனடாவுக்கு வந்த பிறகு முதன்முறையாக அன்றுதான் அந்தக் குழியைப் பற்றி வாய் திறந்தேன். எண்ணிக்கையை மாற்றினேன், முடிவை மாற்றினேன், மாமரத்தை எடுத்துவிட்டேன். எதுவும் பிழையாகிவிடவில்லை. எங்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டார், போனேன். அப்பாவின் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது வெகு நாள் கழித்து. அன்று வீட்டில் எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் நான் இந்த நாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது அந்தப் படிக்கட்டில்தான்.

எல்லையைக் கடப்பது

இப்போது மறுபிறவிகளுக்கு வருகிறேன். 1996 இல் ஐந்து பருவங்களோடு நின்ற தொடர், 1999 இல் ஒருமுறை திரும்பியது. டக்கர் வளர்ந்து தலைவனாகிப் புதிய பிள்ளைகளைச் சேர்த்தான். கதைகள் கொஞ்சம் சோர்ந்திருந்தன என்பது என் எண்ணம். ஆனாலும் வடிவம் அப்படியே இருந்தது. வாரம் ஒரு கதைசொல்லி, வாரம் ஒரு கதை.

2019 இல் வந்தது முற்றிலும் வேறு. மூன்று பகுதிகளில் முடியும் ஒரே கதை. 2021 இல் வந்தது ஆறு பகுதிகள், 2022 இல் வந்தது நான்கு பகுதிகள். அவையும் ஒவ்வொன்றும் ஒரே கதைதான். ஒவ்வொரு முறையும் புதிய பிள்ளைகள், ஒவ்வொரு முறையும் சங்கமே ஆபத்துக்குள் சிக்குகிறது. இன்றைய தொடர்கள் எல்லாமே ஒரு நெடுங்கதையாக ஓடுவதால் இதுவும் அந்த வழியில் போயிருக்கலாம். அது வியாபாரம். அதைப் பற்றி எனக்குப் பேச எதுவும் இல்லை.

நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். தொடரை உருவாக்கிய டி. ஜே. மெக்ஹேலே இந்த எல்லையைக் கடந்திருக்கிறாரே என்றார். உண்மைதான். 1999 இல் தொடங்கிய அந்த மறுவருகை, 2000 இல் 'சில்வர் சைட்' என்ற மூன்று பகுதிக் கதையோடு முடிந்தது. அதில் கேரி திரும்பி வருகிறான். அவனும் டக்கரும் இறந்துபோன தாத்தாவின் மர்மத்தைத் தேடிப் போகிறார்கள். 1937 இல் அந்தத் தாத்தா தொடங்கியதுதான் முதல் நள்ளிரவுச் சங்கம் என்று தெரியவருகிறது. சங்கத்துப் பிள்ளைகளே கதைக்குள் இறங்குகிறார்கள். இதைப் பற்றி நிறைய யோசித்தேன். அந்தக் கடத்தல் என்னை ஏன் உறுத்தவில்லை? அதற்கு முன்னால் ஏறக்குறைய தொண்ணூறு கதைகள் கோட்டுக்கு உள்ளேயே நின்றிருந்தன. அத்தனை தடவை வாளித் தண்ணீர் ஊற்றப்பட்டிருந்தது. வேலி எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த பிறகு, விடைபெறும் நேரத்தில் ஒருமுறை அதைத் தாண்டினார்கள். ரேச்சலுக்கு அந்த அவகாசம் கொடுக்கப்படவில்லை. அவள் சங்கத்தில் சேர்ந்து சொன்ன முதல் கதையே அவளைத் துரத்துகிறது. புதிதாக வந்த ஒரு பிள்ளை, இரவெல்லாம் தன்னை வதைக்கும் ஒன்றை முதன்முறையாக எடுத்து நாலு பேர் முன்னால் வைக்கிறது. வைத்த மறுகணம் அது எழுந்து ஊருக்குள் நடக்கிறது. இனி அந்தப் பிள்ளை வாய் திறக்குமா? கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு புதிய பிள்ளை வாய் திறக்குமா? என் கோபம் இங்கேதான் இருந்தது.

இதையெல்லாம் என் மகளிடம் சொன்னேன். பன்னிரண்டு வயது. இரண்டு தொடர்களையும் என்னோடு உட்கார்ந்து பார்த்தவள். பழைய கோமாளிக் கதையில், பேய் வீட்டுக்குள் போய்ப் பொம்மையின் மூக்கைத் திருடி வந்த பையன் தனியே வீட்டில் இருக்கும்போது சுருட்டு வாடை வரும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆக, ரப்பர் முகமூடிக்கு இன்னும் வலு இருக்கிறது. ஆனால் ரேச்சல் விஷயத்தில் அவள் என் பக்கம் இல்லை.

"அம்மா, அவள் எத்தனை வருடம் அந்தக் கனவைக் கண்டு பயந்திருக்கிறாள். எல்லோரும் நல்ல கதை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் அவளுக்கு என்ன கிடைக்கும்? மறுநாள் இரவும் அவள் தனியாகத்தானே அந்தக் கனவைக் காண வேண்டும்? கார்னிவல் நிஜமாக வந்ததால்தான் அவளோடு எல்லோரும் அதற்குள் போனார்கள்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் பார்த்திராத பக்கம் அது. கேட்பது வேறு, நம்பி உடன் வருவது வேறு. அவள் கேட்பது இரண்டாவதை. அப்பாவும் அந்த இரண்டு பேரிடம் கேட்டது அதைத்தான். நம்பப்படுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் வீட்டை விட வேறு யாருக்குத் தெரியும்? அப்படியானால் நம்பிக்கையே கேட்காத ஓர் இடத்துக்காக நான் ஏன் இவ்வளவு வாதாடுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

நம்புகிறவர்களுக்கு ஆதாரம் தேவைப்படுகிறது. ரேச்சலின் நண்பர்கள் அவளுடைய கனவை நம்புவதற்கு ஒரு முழுக் கார்னிவல் தரையிறங்க வேண்டியிருந்தது. அப்பாவுக்குத் தேதிகள் வேண்டியிருந்தன, கடிதங்கள் வேண்டியிருந்தன. ஆதாரம் கொடுத்து முடித்த கதையை அதன் பிறகு உரிமையோடு மாற்றிச் சொல்ல முடியாது. அப்பா அந்த விசாரணையில் சொன்னதை அதற்குப் பிறகு ஒரு முறைகூட வேறு விதமாகச் சொன்னதில்லை. அதே வரிசை, அதே தேதிகள், அதே சொற்கள். கிணற்றடியில் விழுந்ததைச் சொல்லும்போது அவருடைய கண் எங்கோ நிலைத்துவிடும். எனக்கோ அந்தப் பதுங்குகுழி பல உருவம் எடுத்திருக்கிறது. ஆறு தலை எட்டாகியிருக்கிறது, தவளை பேசியிருக்கிறது, ஒரு முறை அம்மம்மாவே அந்த ஈரத் தலையாக இருந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் குழி கொஞ்சம் ஆழம் குறைந்தது. என்னால் அதிலிருந்து ஏறி வர முடிந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளைகளுக்கு இரண்டு அவையும் வேண்டும். முதலாவது உலகத்தில் நிறைய இருக்கிறது. போலீஸ், நீதிமன்றம், பள்ளிக்கூடம் எல்லாம் உண்மையா என்று கேட்கும் இடங்கள்தான். அதைக் கேட்காத இடம் மிகக் குறைவு. அப்படி ஒன்றை அரை மணி நேரம் தொலைக்காட்சியில் நடத்திக் காட்டிய தொடர், திரும்பி வரும்போது அதைக் கைவிட்டு வந்ததே என்பதுதான் என் ஆதங்கம்.

இதை மகளிடம் சொன்னபோது, அந்தக் குழிக் கதையில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்டாள். அதுவரை அவளிடம் அதைப் பேய்க் கதையாக மட்டுமே சொல்லியிருந்தேன். முழுவதையும் சொன்னேன். பனங்குற்றி, மண்மூட்டை, அம்மம்மாவின் கை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, படிக்கட்டில் இருந்த மற்றவர்களுக்கு இது தெரியுமா என்றாள். தெரியாது என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் உங்கள் நண்பர்கள்." தெரிந்திருந்தால் என்னால் சொல்லியிருக்கவே முடியாது என்றேன். அதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் பெரியம்மா மகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, நீங்களாவது சொல்லியிருக்கலாமே என்று அவளிடம் சண்டை பிடித்திருக்கிறாள். அக்கா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள், அந்த ஜமைக்காப் பையனுக்கு அவள் அடுத்த வாரமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவன் அதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் அந்த ஆறாவது தலை யாருடையது என்று கேட்டிருக்கிறான்.